ஒரே பாட்டில்

ஒரு பெண்ணைக் காப்பாற்ற எனக்கு ஒரு மாலைப் பொழுதும் ஒரு பஸ் டிக்கெட்டும் தேவைப்பட்டன. இரண்டுக்கும் வழி இருந்தது. நான் போகவில்லை. மறுநாள் அவள் இறந்துபோனாள். அதன்பிறகு அந்தச் சாவின் பழி முழுவதையும் இன்னொருவர் தலையில், சட்டப்படி பிசகில்லாத வார்த்தைகளில், நானே எழுதி வைத்தேன். அவர் ஜெயிலுக்குப் போனார். நான் வக்கீலானேன்.

இதை எந்தக் கோர்ட்டிலும் நான் சொன்னதில்லை. இரண்டு பேரிடம் மட்டும் சொன்னேன். ஒருவர் எப்போதோ போய்விட்டார். மற்றவர் போன தை மாதம் காலமானார் என்று தெரிந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அதுவரை எழுதக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தா. என்னை டாக்டராக்க ஆசைப்பட்டார். மார்க் போதவில்லை. சென்னையில் பி.பார்ம் கிடைத்தது. மருந்து செய்வதும், மருந்தோடு மருந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதும்தான் படிப்பு. முடித்துவிட்டுத் திருவண்ணாமலைக்குத் திரும்பி, தேரடித் தெருவில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். அது எழுபதுகளின் தொடக்கம். மருந்துக் கடை நடத்த வேண்டுமானால் பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவர் இருக்க வேண்டும், அவருடைய சர்டிபிகேட் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி சுவரில் மாட்டியிருக்க வேண்டும். என்னுடையதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார் முதலாளி.

ஆனால் கடையை உண்மையில் நடத்தியவர் கம்பவுண்டர். எட்டாவது வரை படித்தவர். ஒரு மிஷன் ஆஸ்பத்திரி மருந்தறையில் எடுபிடியாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். டாக்டர்களின் கோழிக் கிறுக்கல் எழுத்தை எனக்குப் படித்துக் காட்டியது அவர்தான். அப்போதெல்லாம் மிக்சரைக் கடையிலேயே கலந்து பாட்டிலில் ஊற்றிக் கொடுப்போம். எத்தனை வேளை மருந்து என்று காட்ட, ஒரு காகிதப் பட்டையை மடித்து ஓரத்தில் பல் பல்லாக வெட்டிப் பாட்டிலில் ஒட்டுவது வழக்கம். ஒரு பல் ஒரு வேளை. நான் வெட்டினால் ஒரு பல் பெரிதாகவும் ஒரு பல் சிறிதாகவும் வரும். அவர் கத்தரிக்கோலைப் பார்க்காமலே வெட்டுவார். ஒரே அளவாக இருக்கும்.

பௌர்ணமிக்கு மறுநாள் கடையில் கூட்டம் தாங்காது. வெறுங்காலில் மலை சுற்றியவர்கள் எல்லாரும் வந்து நிற்பார்கள். "சாமி கேட்டதக் குடுக்கும்பா. கால் கொப்புளத்துக்கு நாமதான் குடுக்கணும்" என்பார் கம்பவுண்டர், களிம்பை இலையில் மடித்துக்கொண்டே.

கடைக்கு எதிரே ஒரு வக்கீல் ஆபீஸ் இருந்தது. அந்த வக்கீல் தலைவலி மாத்திரை வாங்க வருவார். ஒருநாள், "கலப்பட மருந்துக் கேசு ஒண்ணு வந்திருக்கு தம்பி. லேபாரட்டரி ரிப்போர்ட்ட வெச்சுக்கிட்டு முழிக்கிறேன். மருந்து தெரிஞ்ச வக்கீல் இந்த ஜில்லாவுலயே கெடையாது. நீ பி.எல். பண்ணுனா ராஜா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு என் மனதில் அந்த ஆசை விழுந்தது. கவுண்டருக்குப் பின்னால் நின்று இருமல் மருந்து கொடுக்கும் வாழ்க்கை எனக்குப் போதவில்லை.

சென்னைக்குப் போய்ச் சட்டம் படிக்கப் போகிறேன் என்றபோது முதலாளி பதறவில்லை.

"நீ போயிட்டு வா தம்பி. சர்டிபிகேட் மட்டும் சுவத்துலயே இருக்கட்டும். லட்சுமிக்குப் போடற பூவுல கொஞ்சம் அதுக்கும் போடறேன்."

"இன்ஸ்பெக்டர் வந்தா?"

"சாப்புடப் போயிருக்காருன்னு சொல்றோம். ஊர்ல பாதி மெடிக்கல்ல மருந்தாளுநர் சாப்புடத்தான் போயிருக்காரு. இன்னும் வரல."

கம்பவுண்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது. முதலாளி சொன்னபடி பூ போட்டார். ஆயுத பூஜையன்று என் சர்டிபிகேட்டுக்குச் சந்தனப் பொட்டும் வைத்தார். மாதா மாதம் ஒரு தொகை வந்தது. அதில்தான் நான் சட்டம் படித்தேன்.

பதிலுக்கு நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். சனிக்கிழமை ராத்திரி ஊருக்கு வந்து, ஞாயிறு மதியம் கடைக்குப் போய், அந்த வாரம் கொடுத்த மருந்துச் சீட்டுகளின் பதிவேட்டில் வரிக்கு வரி கையெழுத்துப் போட வேண்டும், ஒவ்வொரு நாளும் நானே நின்று கொடுத்ததுபோல. ஒரே மையில் இருந்தால் சந்தேகம் வரும் என்று இரண்டு பேனா வைத்திருந்தேன், நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று. திங்கள், செவ்வாய்க்கு நீலம்; புதன், வியாழனுக்குக் கறுப்பு; மறுபடி நீலம். சட்ட மாணவனின் புத்தி அதற்கெல்லாம் நன்றாக வேலை செய்தது.

கம்பவுண்டர் நேர்மையானவர். எந்த மருந்தில் எதை மாற்றினாலும் பதிவேட்டின் ஓரத்தில் குட்டி எழுத்தில் எழுதி வைப்பார். "நீ பாத்துக்கணும்ல தம்பி" என்பார். நான் பார்ப்பதே இல்லை. கையெழுத்துப் போடும் கை வேறு, பார்க்கும் கண் வேறு என்று ஆகிவிட்டது.

நான் சட்டம் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது அது நடந்தது.

ஒரு வியாழக்கிழமை கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு விவசாயி வந்திருக்கிறார். அவருடைய மனைவிக்கு டைபாய்டு வந்து தேறி, சாப்பாடு இறங்காமல் இளைத்துக் கிடந்தாள். இருபத்து மூன்று வயது. டாக்டர் இரண்டு மிக்சர் எழுதியிருந்தார். ஒன்று பசி எடுக்க. அதில் எட்டிக்கொட்டைச் சத்து சொட்டுக் கணக்கில் இருக்கும். அந்தக் காலத்து டானிக்குகளில் அது சகஜம். இன்னொன்று வயிற்றுப் புளிப்புக்கு, கார உப்பு சேர்ந்தது. கடைக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுவர வேண்டும். அந்த மனிதர் ஒரு பாட்டில்தான் கொண்டுவந்திருந்தார்.

திரும்பப் போய் வந்தால் அன்றைய பொழுதே போய்விடும். கம்பவுண்டர் இரக்கப்பட்டார். இரண்டும் சாப்பாட்டுக்கு முன் குடிக்க வேண்டியதுதானே என்று இரண்டையும் அந்த ஒரே பாட்டிலில் ஊற்றி, பன்னிரண்டு பல் வெட்டிய பட்டையை ஒட்டிக் கொடுத்துவிட்டார். நான்கு நாள் மருந்து. பதிவேட்டின் ஓரத்தில் எழுதியும் வைத்தார்: "பாட்டில் ஒன்றே. இரண்டும் சேர்த்து."

தனித்தனியாகக் குடித்தால் இரண்டும் நல்ல மருந்து. சேர்த்தால், கார உப்பு எட்டிச் சத்தைக் கரைய விடாமல் பிரித்து அடியில் படிய வைத்துவிடும். மேலே இருக்கிற வேளைகளில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். பன்னிரண்டு வேளைக்கும் உரிய விஷம் பன்னிரண்டாவது வேளையில் சேர்ந்து கிடக்கும். கம்பவுண்டருக்கு இது தெரியாது, தெரிய நியாயமில்லை. எனக்கு இது பாடம். பரீட்சையில் இதே கேள்வி வந்து, நான் பதில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

ஞாயிறு மதியம் மூன்றரை மணி இருக்கும். வழக்கம்போல் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தேன். அந்த வரியில், எப்படியோ, கண் ஓரத்துக்குப் போனது. பேனா நின்றது.

"இன்னா தம்பி, நின்னுட்ட?" என்றார் கம்பவுண்டர். அவர் எதிரே உட்கார்ந்து பட்டை வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லண்ணே" என்றேன். கையெழுத்துப் போட்டேன். கறுப்பு மை.

அந்த அரை நிமிஷத்தில் நான் என்ன யோசித்தேன் என்பது இன்றைக்கும் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. வியாழன் ராத்திரி ஆரம்பித்திருந்தால் நாளை மதியம் தீரும். ஐந்து மணிக்கு எனக்குச் சென்னை பஸ். நாளைக்குக் காலேஜுக்குப் போகாவிட்டால் வருகைப்பதிவு குறைந்து பரீட்சை எழுத முடியாது. அங்கே போய் நின்றால், வியாழக்கிழமை கடையில் இல்லாதவன் எப்படிக் கையெழுத்துப் போட்டான் என்ற கேள்வி வரும். தினமும் குலுக்கித்தான் குடிப்பார்கள், ஒன்றும் ஆகாது. டைபாய்டு தேறியவள் பாதியிலேயே மருந்தை நிறுத்தியிருப்பாள். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். அப்போதே நான் வக்கீலாகிவிட்டேன் என்று நினைக்கிறேன். கட்சிக்காரன் நான், வக்கீலும் நான்.

ஐந்து மணிக்கு பஸ் ஏறினேன்.

செவ்வாய்க்கிழமை ஹாஸ்டலுக்குத் தந்தி வந்தது. திங்கள் மதியம் கடைசி வேளை குடித்த கால் மணி நேரத்தில் வலிப்பு கண்டு, உடம்பு வில்லாக வளைந்து, டவுன் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுவதற்குள் அவள் போய்விட்டாள்.

நான் ஊருக்கு வந்தபோது கடை பூட்டிக் கிடந்தது. எமர்ஜென்சிக் காலம், அதிகாரிகள் எல்லாரும் விறைப்பாக இருந்தார்கள். முதலாளி வீட்டுக் கூடத்தில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். கம்பவுண்டர் தலையில் கை வைத்துக் கீழே உட்கார்ந்திருந்தார். "நான் இன்னா தம்பி தப்பு பண்ணேன்? டாக்டர் எழுதினதத்தான குடுத்தேன். சேத்து ஊத்துனது தப்பா?" என்று மூன்று தடவை கேட்டார். அவருக்கு அந்த வேதியியலைச் சொன்னவன் நான்தான். சொல்லி முடித்ததும் அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் அந்த முகம் என்னைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை.

பதிவேட்டில் என் கையெழுத்து இருந்தது. நான் கடையில் இருந்தேன் என்றால் குற்றவாளி நான். இல்லை என்றால் சர்டிபிகேட்டை வாடகைக்கு விட்டவன். அதுவும் போய், வக்கீலாகப் பதிவு செய்வதும் போய்விடும். மூன்றாவது வழி ஒன்றை நான் கண்டுபிடித்தேன். அந்த வாரம் முழுவதும் ஊரில்தான் இருந்தேன். வியாழன் மதியம் சாப்பிடப் போயிருந்தேன். அந்த நேரத்தில் அவர் கொடுத்துவிட்டார். சாயங்காலம் மொத்தமாகக் கையெழுத்துப் போடும்போது ஓரத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

கம்பவுண்டரின் வாக்குமூலத்தை நானே எழுதினேன். "மருந்தாளுநர் மதிய உணவுக்குச் சென்றிருந்த நேரத்தில், அவருக்குத் தெரியாமல், என் இஷ்டப்படி இரண்டு மருந்தையும் கலந்து கொடுத்தேன்." என் இஷ்டப்படி என்ற வார்த்தையை யோசித்துத்தான் போட்டேன்.

"இதுல கையெழுத்துப் போட்டா இன்னா ஆவும் தம்பி?"

"அபராதம் போடுவாங்கண்ணே. மிஞ்சினா கோர்ட்டு கலையற வரைக்கும் உக்கார வெப்பாங்க. அதுக்கு மேல போச்சுன்னா அப்பீல். நான் வக்கீலாயிட்டா மொத வக்காலத்து உங்களுதுதான்."

"நீ வக்கீலாவணும். அதான் முக்கியம்" என்று சொல்லி, நிறுத்தி நிறுத்தித் தன் பெயரை எழுதினார்.

கேஸ் நடந்தது. நான் கூண்டில் ஏறி, சத்தியம் செய்து, சாப்பிடப் போயிருந்தேன் என்று சொன்னேன். என்ன சாப்பிட்டேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் பதில் வைத்திருந்தேன்.

முதலாளி அமர்த்திய வக்கீலுக்கு மருந்து பற்றி ஒன்றும் தெரியாது. குறுக்கு விசாரணைக்குக் கேள்விகளை நான்தான் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். கம்பவுண்டரின் தண்டனை குறையும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இறந்தவளின் கணவர் கூண்டில் நின்றார். வக்கீல் கேட்டார்:

"கடைசி வேளை மருந்த யார் ஊத்திக் குடுத்தது?"

"நான்தாங்க."

"பாட்டில் அடியில ஏதாவது படிஞ்சு இருந்துச்சா?"

"வெள்ளையா மண்டி மாரி கெடந்துச்சுங்க."

"அத என்ன பண்ணீங்க?"

"கொஞ்சம் தண்ணி உட்டுக் கழுவி, அதையும் குடுத்துட்டேங்க. வீணாப் போவக் கூடாதுன்னு."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு ஏதோ உறைத்தது. தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இறங்கச் சொல்லியும் இறங்கவில்லை. டவாலி வந்து தோளைத் தொட்டு இறக்கினார்.

கம்பவுண்டருக்கு ஆறு மாதம். வேலூர் ஜெயில். முதலாளி தப்பினார். நான் பரீட்சையில் தேறி, கறுப்புக் கோட்டு வாங்கி, வக்கீலாகப் பதிவு செய்துகொண்டேன்.

அப்பீலுக்கு முப்பது நாள் இருந்தது. கம்பவுண்டரின் மனைவி என் வீட்டுக்கு மூன்று முறை வந்தார். "உங்கள நம்பித்தான் இருக்காரு. எப்ப போடறீங்கன்னு கேட்டு வரச் சொன்னாரு" என்றார். அப்பீல் போட்டால் பதிவேடு வேலூர் ஜில்லா கோர்ட்டுக்குப் போகும். வேறொரு நீதிபதி அதை விரித்துப் பார்ப்பார். வாரம் தவறாமல் ஒரே வரிசையில் நீலமும் கறுப்பும் மாறி மாறி வருவதை யாராவது கவனிப்பார்கள். முதல் முறை, தீர்ப்பு நகல் வரவில்லை என்றேன். இரண்டாம் முறை, எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். மூன்றாம் முறை அவர் வந்தபோது முப்பது நாள் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. "கெடு போயிடுச்சும்மா" என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

பிறகு எனக்கு நல்ல காலம். மருந்தும் சட்டமும் சேர்ந்தவன் என்று பெயர் பரவியது. போலி மருந்து, காலாவதி மருந்து, லைசென்ஸ் தகராறு எல்லாம் என்னிடம் வந்தன. லேபாரட்டரி ரிப்போர்ட்டில் ஓட்டை கண்டுபிடிப்பேன். 'மருந்து வக்கீல்' என்று கோர்ட் வளாகத்தில் டீக்காரர்கூடக் கூப்பிடுவார். கடைக்கு எதிரே இருந்த அந்தப் பழைய வக்கீல், "நான் சொன்னேன்ல, ராஜான்னு" என்று தோளில் தட்டினார்.

ஜெயிலிலிருந்து வந்த கம்பவுண்டரை எந்த மெடிக்கலிலும் சேர்க்கவில்லை. சின்ன ஊர், அவர் கண்ணில் படாமல் பத்து வருஷம் நடமாடுவதற்கு நான் மிகவும் பாடுபட்டேன். அவர் போகும் தெரு தெரிந்து, வேறு தெருவில் போவேன்.

எண்பதுகளின் நடுவில், ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜுக்கு எல்லைத் தகராறு வந்து, இடத்தைப் பார்க்கப் போனேன். மாடிப்படியில் ஒருவர் வாளியும் துடைப்பமும் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி அறைக்கு வெளியே வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஏதாவது மாத்திரை இருக்கிறதா என்று அவரிடம் கேட்டாள். வயிற்றுக் கடுப்புக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர் அவர், எங்கள் கம்பவுண்டர். வாளியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார்.

"நோ மெடிசின். மீ நோ மெடிசின். ஷாப் கோ."

அவசரமாக வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். வாளித் தண்ணீர் படியில் சிந்தியது.

லாட்ஜ் மேனேஜர் என்னிடம் சிரித்தபடி, "நல்ல மனுஷன் சார். ஆனா யாராவது மருந்துன்னு சொல்லிட்டாப் போதும், இப்படித்தான் ஆடுவாரு" என்றார்.

அன்று எல்லைக் கல்லைப் பார்க்காமலே வந்துவிட்டேன். நான்கு நாள் கழித்து மறுபடியும் போனேன். பின்புறம் துணி காயப்போடும் இடத்தில் அவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வக்கீல் சார்" என்றார். எழுந்திருக்கவில்லை.

நின்றபடியே சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஓரத்தில் இருந்ததைப் படித்தேன் என்றேன். படித்தவுடனே தெரிந்தது என்றேன். அப்பீலை வேண்டுமென்றே விட்டேன் என்றேன். தாமதத்தை மன்னிக்கக் கேட்டு இப்போதும் போடலாம், உண்மையை நானே பிரமாணமாக எழுதித் தருகிறேன், என் பதிவு போனால் போகட்டும் என்றேன். பையிலிருந்து வக்காலத்துப் படிவத்தை எடுத்து நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை.

"உன் பேனா நின்னத நான் பாத்தேனே" என்றார்.

நீட்டிய கையை இறக்கினேன்.

"நின்னுட்டன்னுதான கேட்டேன், இன்னான்னு. ஒண்ணுமில்லன்ன. படிச்சவன் ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லதான்னு இருந்துட்டேன். செத்துப் போனப்பறந்தான் புரிஞ்சுது, எதுக்கு நின்னுதுன்னு."

"அப்பவே கோர்ட்ல சொல்லியிருக்கலாமேண்ணே."

"இன்னான்னு சொல்றது? ஒரு பேனா நின்னுச்சுன்னா? அதுக்குச் சாட்சி உண்டா, வக்கீலே? நீயே குறுக்க கேப்ப." பீடியைத் தரையில் தேய்த்தார். "நீயா ஒரு நாள் வந்து சொல்லுவன்னு வேலூர்ல உக்காந்து பாத்தேன். மனு போட்டுப் பாக்க வர்ற நாள்ல எல்லாம் பாத்தேன். அப்பறம் உட்டுட்டேன்."

"இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து..."

"உன் பேப்பர்ல ஒருக்காக் கையெழுத்துப் போட்டேன். போதும்." படிவத்தை என் பக்கமாகவே தள்ளினார். "எனக்கு ஒண்ணும் வேணாம். அந்தாளுகிட்டப் போ. கழுவி ஊத்துனேன்னு சொன்னானே, அவன்கிட்ட. நான் செஞ்சதுக்கு நான் உள்ள போயிட்டு வந்துட்டேன். அவனுக்கு யாரு விடுதலை குடுத்தா?"

மறுநாள் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் போனேன். பத்து வருஷத்துக்கு முன் ஏறியிருக்க வேண்டிய பஸ். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

அவர் களத்தில் மல்லாட்டைக் கடலை காயவைத்துக் கிளறிக்கொண்டிருந்தார். மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பத்தோடு இருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. டவுன்காரர் என்று மரியாதையாகக் கட்டிலில் உட்கார வைத்து, சொம்பிலிருந்து எனக்கு மோர் ஊற்றினார். சொம்பில் கடைசியாகக் கொஞ்சம் தங்கியது. அதை ஊற்றாமல், எட்டிப் போய் மண்ணில் கவிழ்த்துவிட்டு வந்தார். நான் பார்ப்பதைக் கவனித்து, "அடியில கெடக்கறத நான் யாருக்கும் குடுக்கறதில்லிங்க" என்றார்.

மோரைக் கீழே வைத்துவிட்டு நான் யார் என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு மருந்தையும் சேர்க்கக் கூடாது என்று தெரிந்தவன் நான், அந்த இடத்தில் இருக்க வேண்டியவன் நான், முந்தின நாளே தெரிந்தும் வராதவன் நான். கோர்ட்டில் உங்களைக் கேட்ட அந்தக் கேள்விகளை எழுதிக் கொடுத்தவனும் நான்.

அவர் மல்லாட்டைக் குவியலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப, நான் கழுவி ஊத்துனதால இல்லிங்களா?"

"தப்பு உங்களுது இல்லைங்க."

"அது இல்லிங்க. நான் கேக்கறது வேற. நான் கழுவாம உட்டிருந்தா? அந்த மண்டியக் கீழ கொட்டியிருந்தா? அவ இருந்திருப்பாளா?"

என் படிப்புக்கு அதன் பதில் தெரியும். விஷம் அந்த மண்டியில்தான் இருந்தது. கொட்டியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள், அநேகமாக. அவர் முகத்தைப் பார்த்தேன். கூண்டில் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்த அதே முகம்.

"இல்லைங்க" என்றேன். "முன்னாடி குடிச்ச வேளையிலயே உள்ள போயிடுச்சு. நீங்க கழுவினாலும் கழுவலன்னாலும் ஒண்ணுதான். நான் மருந்து படிச்சவன், எனக்குத் தெரியும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. வெகுநேரம் கழித்துத் துண்டை எடுத்தார்.

"அன்னைக்கு நீங்க ஏன் வரல?"

"அஞ்சு மணிக்கு எனக்குச் சென்னை பஸ்."

"எங்க ஊருக்கும் அஞ்சு மணிக்கு ஒண்ணு இருந்துச்சு" என்றார். அப்புறம், "போயிடுங்க. மறுபடி வராதீங்க" என்றார்.

அன்று சாயங்காலமே லாட்ஜுக்குப் போய்க் கம்பவுண்டரிடம் சொன்னேன். அவர் குரலை அடக்கித்தான் கேட்டார்.

"கழுவாம உட்டிருந்தா பொழச்சிருக்கும்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"மறுபடியும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு வந்திருக்க."

அவர் வாளியை எடுத்துக்கொண்டு எழுந்தார். இரண்டடி போய்த் திரும்பினார்.

"சரி. இத மட்டும் மாத்திடாத. அவன் இருக்கற வரைக்கும் இதயாவது மாத்தாம இரு தம்பி."

பத்து வருஷத்துக்குப் பிறகு அவர் என்னைத் தம்பி என்றார். அதற்காகவும் சேர்த்துத்தான் இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

என் மருந்தாளுநர் சர்டிபிகேட்டைப் பதிவு அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பினேன். அதை வாடகைக்கு விட்டவன் நான், பெயரை நீக்கிவிடுங்கள் என்று கடிதம் வைத்தேன். பெயரை நீக்கியதாக ஒரு வரியில் பதில் வந்தது. ஏன், எப்போது என்று யாரும் கேட்கவில்லை. மருந்துக் கேசுகளை எடுப்பதை நிறுத்தினேன். வருமானம் குறைந்தது, கோர்ட்டில் காரணம் புரியாமல் கேலி செய்தார்கள்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, ஒரு காலை வேளையில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அந்த விவசாயியைப் பார்த்தேன். என்னைக் கவனிக்கவில்லை. டீயைக் குடித்தார். கிளாஸில் கொஞ்சம் மிஞ்சியது. அதைச் சுழற்றிப் பார்த்தார். அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, கிளாஸை வைத்துவிட்டுப் போனார்.

இதைச் சொல்ல எனக்கு உலகத்தில் ஒரே ஆள்தான் இருந்தார். கோர்ட்டுக்குப் போகாமல் நேராகச் செங்கம் ரோட்டுக்கு நடந்தேன். லாட்ஜில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார்.

"அவரா? போய் ரெண்டு மாசம் ஆவுதே சார். வெறும் காய்ச்சல்தான். எத்தனையோ சொல்லிப் பாத்தோம், ஒரு மாத்திரையக் கூட வாயில வெக்க மாட்டேன்னுட்டாரு. சம்சாரம் ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அங்கயே முடிஞ்சு போச்சு."

அந்தப் படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒருவர் வாளியோடு மேலே ஏறிப் போனார். பிறகு எழுந்து, அவர் வழக்கமாகப் போகும் தெரு வழியாகவே வீட்டுக்கு வந்தேன். இனி அந்தத் தெருவில் போவதற்கு எனக்கு ஒரு தடையும் இல்லை.